சிடியில் வைத்த பொட்டு

பிள்ளைகளே, போனில் வீடியோ ஒரு நிமிஷம் சுற்றிக்கொண்டே நின்றால் நீங்கள் இருவரும் படும் அவஸ்தையைப் பார்க்கும்போது எனக்குக் கடப்பாக்கம் பக்கத்து ஆரம்பப் பள்ளிதான் ஞாபகம் வரும். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம். ஆசிரியர் பயிற்சியில் கடைசி வகுப்பை அங்கே நடத்திக் காட்ட வேண்டும். அதில் தவறினால் இன்னொரு வருஷம் படிக்கணும். வீட்டில் அதற்கு வழியில்லை.

பள்ளிக்குப் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. மீன் எப்படி மூச்சு விடுகிறது என்று காட்டும் சிடி ஒன்றை வாங்கிப் போனேன். மூன்று முறை பிளக்கைப் பிடுங்கிச் செருகினேன்.

தலைமை ஆசிரியை எட்டிப் பார்த்தார். "இன்னா தம்பி, புதுப் பொருளு. பொட்டு வெச்சியா?"

கம்ப்யூட்டருக்கு வைத்தேன். சிடிக்கும் வைத்தேன். மேல் பக்கத்தில் மீன் படம் இருந்தது, அதை அழுக்காக்க மனசு வரவில்லை. பளபளப்பான பக்கத்தில் மூன்று இடத்தில் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

பயிற்சிப் பள்ளி விரிவுரையாளர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். சிடி கரகரவென்று சுற்றியது, நின்றது, மறுபடி சுற்றியது. திரையில் ஒன்றுமில்லை. வெளியே எடுத்தேன்.

"இன்னாப்பா, சிடிக்குச் சீமந்தமா?" என்றார் அவர். பிள்ளைகள் சிரித்தார்கள்.

சாக்பீஸை எடுத்துப் பலகையில் மீன் வரைந்தேன். செவுளைத் துடுப்புக்குப் பின்னால் வரைந்ததும் முன் வரிசைப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"சார், செவுளு அங்க இல்ல. துடுப்புக்கு முன்னால கீது. எங்கம்மா தெனம் அத்தப் புடுங்கித்தான் கொழம்பு வெக்கும்."

கடைசி பெஞ்சில் விரிவுரையாளர் எழுதிக்கொண்டிருந்தார். "உக்காரும்மா, பாடத்த கவனி," என்றேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

போகும்போது விரிவுரையாளர், "பாஸ் போட்டுட்டேன். கம்ப்யூட்டருக்கு மார்க் இல்ல," என்றார். பாஸ் என்று கேட்டும், அந்தப் பெண்ணை உட்காரவைத்ததுதான் உறுத்தியது.

பள்ளி விட்டு எல்லோரும் போன பிறகு, கைக்குட்டையை நனைத்துச் சந்தனத்தைத் துடைத்து, சிடியைக் காயவைத்துப் போட்டேன். ஓடியது. மீன் வாயைத் திறந்தது, செவுள் விரிந்தது. துடுப்புக்கு முன்னால்.

பலகையில் நான் வரைந்த செவுளை உள்ளங்கையால் அழித்தேன். அவள் சொன்ன இடத்தில் வரைந்தேன்.