‘நல்ல சேதிங்க’ என்று சொல்லி நிறுத்தியவர்

ஞாயிற்றுக்கிழமை காலை, பீலியில் கொட்டும் தண்ணீரில் துணி அலசிக்கொண்டிருந்தோம். எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கூரைமேல் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கி கரகரத்தது. “நல்ல சேதிங்க...” என்றது பழனியாண்டி அண்ணனின் குரல். அதோடு நின்றுவிட்டது. எல்லோரும் சிரித்தோம். அவர் மனைவி பாக்கியம் அக்கா என் பக்கத்தில்தான் நின்றார். “இந்த மனுசன் வாயத் தொறந்தா பெட்டரி வாய மூடிக்கிது டீச்சர்” என்று அலுத்துக்கொண்டு, மிச்சத் துணியையும் நிதானமாகப் பிழிந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். பிறகு கேட்ட அலறல் இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. அண்ணன் மைக்கைப் பிடித்தபடியே சுவரில் சாய்ந்து கிடந்தார். உயிர் இல்லை.

அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுகிறேன். எழுதிய வரியைப் படித்தால் எனக்கே பொய் போலத்தான் இருக்கிறது. முந்தின நாள் மாலையில்கூடத் தானே பாட்டுப் பாடி எங்கள் காதைத் துளைத்த மனிதர்.

குருவிட்டைக்கு மேலே இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் அவர் பால்வெட்டுத் தொழிலாளி. அந்த ஒலிபெருக்கியோடு இணைத்திருந்தது, குவைத்தில் வேலை செய்த அவர் தங்கை கொண்டுவந்து கொடுத்த பெட்டி. கெசட்டும் பாடும், மைக்கும் பேசும், உள்ளே சார்ஜ் ஏற்றுகிற பெட்டரி. லயத்தில் கரண்ட் இல்லாததால் ரப்பர் பெக்டரிக்குத் தூக்கிப்போய்ச் சார்ஜ் போடுவார். வீட்டில் பாட்டுக் கேட்க வந்த பெட்டி, அவர் கைக்குப் போனதும் தோட்டத்துக்கே வானொலியானது. கிளினிக் நாள், காணாமல் போன ஆடு, சாவு, எல்லாம் அதில்தான் வரும். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அவராகவே தலையில் தூக்கிப்போட்டுக்கொண்டார்.

அந்தப் பெட்டரியைக் கெடுத்ததும் அவர்தான். ஒரு பொட்டு மிச்சமில்லாமல் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போடுவார். அப்படி வற்றவிடக் கூடாது என்று குருவிட்டைக் கடையில் ரிப்பேர் பார்க்கும் பாஸ் தலையில் அடித்துக்கொள்வார். அண்ணன் கேட்டால்தானே? “பழைய சோத்து மேலயா புதுச் சோத்தக் கொட்டுவீங்க? பானையக் கழுவிட்டுத்தானே ஒல வைக்கிறோம்?” என்பார். கடைசியில் பாஸ் சிங்களத்தில் “இவராய்” என்று கையை விரித்தார். முடிந்துவிட்டது என்று அர்த்தம். அண்ணனுக்கு மூக்குக்குமேல் கோபம். “மனுசனுக்குச் சொல்ற மாதிரியில்ல சொல்றான்!” என்று திட்டிக்கொண்டே பெட்டியைத் தோளில் தூக்கிவந்தார். அதன்பிறகு நாலு வார்த்தை பேசினால் அது மூச்சை நிறுத்தும்.

மேல் லயத்து ராமாயி அக்காவைச் சாகடித்ததும் அந்தப் பெட்டரிதான். ஒரு நாள், “மேல் லயத்து ராமாயி அக்கா...” என்று தொடங்கியதும் சத்தம் போய்விட்டது. பேரை முன்னால் சொன்னால் அது சாவுச் செய்தி என்றே நாங்கள் பழகியிருந்தோம். பெண்கள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு மேல் லயத்துக்கு ஓடினோம். மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த ராமாயி அக்காவும் எங்களைப் பார்த்துத் தானும் மாரடித்துக்கொண்டு எழுந்தார். “அய்யோ, யாருடி போனது?”

“நீதான்டி!” என்றாள் கூடவந்த ஒருத்தி.

அக்காவின் தொலைந்த ஆட்டுக்குட்டி கிடைத்துவிட்டது என்பதுதான் செய்தி. அன்று அண்ணன் வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல. மறுநாளே முறையை மாற்றினார். “இனிமே நல்ல சேதின்னா மொதல்லயே நல்ல சேதின்னு சொல்லிருவேன் டீச்சர். பெறகு பெட்டரி போனாலும் போகட்டும். யாரும் பதறி ஓடிவர மாட்டாங்க பாருங்க.”

அவர் சொன்னபடியே ஆனது. அந்த ஞாயிறு யாரும் ஓடிப்போகவில்லை.

அக்காவின் அலறல் கேட்டு நாங்கள் உள்ளே நுழைந்தபோது பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கூரையில் ஒலிபெருக்கி இரைந்துகொண்டே இருந்தது. பெட்டரி போகவேயில்லை. பெல்மதுளையில் கடையில் வேலைக்கு நிற்கும் அவர் மகன், அன்று காலைதான் புதுப் பெட்டரி ஒன்றைப் பாண் ரொட்டி வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்பியிருந்தான். பழையது வாசலில் கிடந்தது. அண்ணன் சொல்லவந்த நல்ல சேதி அதுதான்.

சாவை அறிவிக்க ஆள் வேண்டுமே. அவர் விரல்களைப் பிரித்து மைக்கை நான்தான் எடுத்தேன். பேரை முதலில் சொன்னேன். அதற்குமேல் என்னால் முடியவில்லை. தேவையும் இருக்கவில்லை. எல்லா லயத்திலிருந்தும் அழுகை கிளம்பிவிட்டது. புதுப் பெட்டரி இழவு முடியும்வரை ஒரு தரம்கூட நிற்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

இப்போது பெட்டி என்னிடம் இருக்கிறது. அண்ணன் விட்டுப்போனதில் அந்த இரண்டு சொல்லைத்தான் நான் வைத்திருக்கிறேன். போன வாரம், எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஓட்டப்போட்டியில் வென்றதைச் சொல்ல மைக்கை எடுத்தேன். “நல்ல சேதிங்க” என்றேன். சத்தம் நின்றுவிட்டது. சார்ஜ் போட மறந்திருக்கிறேன்.

திரும்பினால் வாசல் நிறையச் சனம். சோற்றுக் கையோடு வந்தவர்கள், ஈரத் தலையோடு வந்தவர்கள். எல்லோருக்கும் முன்னால் பாக்கியம் அக்கா, மூச்சு வாங்க, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“பெட்டரியா டீச்சர்?”

“பெட்டரிதான் அக்கா.”