மிளகளவு படிகம்

உலைக் கதவின் மேல் புறங்கையை வைத்துப் பார்க்கிறாள் அக்கா. சூட்டைக் காட்டும் சிவப்பு எண்கள் பக்கத்திலேயே மின்னுகின்றன; அவற்றை அப்புறம்தான் பார்ப்பாள். "அது சொல்றது இருக்கட்டும், இவன் என்ன சொல்றான்னு பாக்கணும்ல?" என்பாள். உலை அவளுக்கு 'இவன்'. எனக்குக் காய்ச்சல் வந்தபோது இவ்வளவு அக்கறையாகத் தொட்டுப் பார்த்ததாக நினைவில்லை.

பெரோவ்ஸ்கைட் என்ற வகைப் படிகங்களை வளர்ப்பது அவள் வேலை. ஆய்வுக்கூடத்தின் கடைசி அறை. ஜன்னல் திறக்காது, மின்விசிறி சத்தம் மட்டும் போடும். அவள் முன்கை முடி எப்போதும் பொசுங்கியே இருக்கும். உலைக்கு முன்னால் வாரக்கணக்கில் காத்திருப்பவளுக்கு வீட்டில் சோறு வேகும்வரை பொறுமை கிடையாது. அரைவேக்காட்டில் இறக்கிவிட்டு, "மெல்லுங்க, பல்லுக்கு நல்லது" என்று அத்தானிடம் சொல்வாள். அவரும் பாவம், மெல்லுவார்.

படிகத்துக்குள் இரண்டு வகை உலோக அணுக்கள் ஒரே மாதிரி இருக்கைகளைப் பங்கு போட்டுக்கொள்கின்றனவாம். ஒருநாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஒண்ணு விட்டு ஒண்ணு ஒழுங்கா உக்காந்தா, ஆறும்போது ஒரு குறிப்பிட்ட சூட்டுல எல்லாம் சேந்து ஒரே பக்கமா நகரும். ஒரு முனை பிளஸ், ஒரு முனை மைனஸ். கலைஞ்சு உக்காந்திருந்தா அங்கங்க சின்னச் சின்னக் கூட்டமா, அதது இஷ்டத்துக்கு நகரும்." சூட்டை மாற்றிக்கொண்டே மின்குணத்தை அளந்தால், ஒழுங்காக உட்கார்ந்த படிகத்துக்கு வரைகோடு ஊசிபோல எழும். கலைந்ததற்கு மழுங்கலாக ஒரு மேடுதான். அவள் சொல்லி முடித்தபோது அத்தானின் சட்டைக்குள் என் லுங்கி சுருண்டிருந்தது.

இரண்டு வருடம் பாடுபட்டு வளர்த்த மிளகளவு படிகத்துக்கு மேடுதான் வந்தது. எதிர் அறையில் அளக்கும் கருவியோடு இருக்கும் அளவைக்காரர் நல்ல மனிதர், ஆனால் பிடித்தால் குரங்குப்பிடி. "மேடம், உங்க படிகத்துல அழுக்கு கலந்திருக்கு" என்றார்.

"அழுக்கெல்லாம் இல்ல சார். அணுதான் கலைஞ்சு உக்காந்திருக்கு."

அணுக்கள் ஒழுங்காக உட்காரட்டும் என்று அதே படிகத்தை வாரக்கணக்கில் சூட்டில் வைத்து, மெல்ல ஆறவிட்டுக் கொடுத்தாள். ஊசி வந்தது. அளவைக்காரர் அசரவில்லை: "அழுக்கு எரிஞ்சு போயிருக்கும் மேடம்."

அவர் பேச்சில் நியாயம் இருந்தது; அதுதான் அவளைக் குடைந்தது. பதில் சொல்ல ஒரே வழி, படிகத்தை இன்னும் அதிகமாகச் சுட்டு அணுக்களைக் கலைத்து, அவை மறுபடி ஒழுங்காவதற்குள் சட்டென்று ஆற்றுவது. மேடு திரும்பினால் அவள் ஜெயித்தாள். எரிந்துபோன அழுக்கு திரும்பி வராதே. ஆனால் சட்டென்று ஆறும்போது படிகம் வெடித்துவிடலாம். இருப்பதோ ஒன்றுதான். "ஊசி வந்துடுச்சே, இதோட விட்டுடுங்களேன்" என்று துறைத் தலைவர் கெஞ்சினார். அத்தானும் சொன்னார், நானும் சொன்னேன்.

"எல்லாரும் படிகத்தக் காப்பாத்தப் பாக்கறீங்க. நான் சொன்னத யாரு காப்பாத்துவா?" என்றாள். எனக்குக் கோபமும் வந்தது, பெருமையும் வந்தது.

சட்டென்று ஆற்றும் நாளன்று அவள் வண்டி பழுது. அழைத்துவரப் போன நான் அறை வாசலில் நின்றேன். நீள இடுக்கியால் உலையிலிருந்து படிகத்தை எடுத்துக் குளிர்ந்த செப்புத் தட்டில் வைத்தாள். 'டிக்' என்றது. இரண்டாகப் பிளந்திருந்தது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு பாதியை எடுத்துக்கொண்டு எதிர் அறைக்குப் போனாள்.

அளந்து முடிக்கச் சாயங்காலமாகிவிட்டது. திரையில் அதே பழைய மேடு.

அளவைக்காரர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "நீங்க சொன்னதுதான் சரி மேடம். ஆனா என்னால ஒரு நல்ல படிகம் போச்சே."

அக்கா தன் அறைக்குப் போய் மற்றப் பாதியைக் கொண்டுவந்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். "இத நீங்க திரும்பச் சுட்டு, மெதுவா ஆறவச்சுப் பாருங்க சார். ஊசி வந்தா என்னைக் கூப்பிடுங்க" என்றாள். பிறகு அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கிவிட்டாள்.