அண்ணனுக்கு அந்தோணி என்று பெயர் வந்த விதம்

எங்களையெல்லாம் கரையேற்றிய அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. பொன்னேரிக்கு அருகே கூலி வேலை செய்த குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு முன் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. அம்மா பழவேற்காட்டுப் பக்கம் அந்தோணியார் கோயிலுக்குச் செவ்வாய்க்கிழமைதோறும் போய், "இந்தப் புள்ள நின்னா உன் பேரையே வெக்கிறேன்" என்று வேண்டிக்கொண்டார். பிள்ளை நின்றது. குலதெய்வத்துக்கு மொட்டையடித்து, அந்தோணி என்று பெயர் வைத்தார்கள். எங்களுக்கு இதில் குழப்பம் எதுவும் இருந்ததில்லை.

எழுபதுகளில் அண்ணன் கும்மிடிப்பூண்டி இரும்புக் கம்பி ஆலையில் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தில்தான் நானும் தங்கையும் படித்தோம். பிறகு பள்ளிப்பட்டில் அவருக்குப் பெண் பார்த்தோம். இரு வீட்டாருக்கும் பிடித்துப்போனது. பெயரில்தான் வந்தது வினை. பத்திரிகையில் சுப்பிரமணி என்று போட்டால்தான் கல்யாணம் என்றார் பெண்ணின் தகப்பனார். கிறிஸ்தவ வேதக்காரனுக்குப் பெண் கொடுத்தான் என்று ஊர் பேசுமே என்ற பயம் அவருக்கு. நேர்ந்துகொண்டு வைத்த பெயரை மாற்ற அண்ணன் சம்மதிக்கவில்லை.

"அந்தப் பேருக்கு இன்னாதான் அர்த்தம்?" என்று கேட்டார் பெரியவர்.

அண்ணன் அவரை அந்தோணியார் கோயில் உபதேசியாரிடமே அழைத்துப் போனார். நானும் போனேன். போர்த்துக்கீசியர் கொண்டுவந்த 'அந்தோனியு' நம் வாயில் அந்தோணி ஆனது என்றார் உபதேசியார். அதற்கு முன் அது ரோமாபுரியில் ஒரு குடும்பப் பெயராம். பூ என்று சிலர் பொருள் சொல்வார்கள், விலைமதிப்பற்றது என்று சிலர். உறுதியாக எவருக்கும் தெரியாது. லிஸ்பனில் பிறந்த அந்தப் புனிதருக்கே பெற்றோர் வைத்தது வேறு பெயர், துறவியானபின் ஏற்றதுதான் இது என்றும் சொல்லிவைத்தார்.

பெரியவர் அதைப் பிடித்துக்கொண்டார். "பாத்தியா தம்பி? சாமியே பேர மாத்திக்கினாரு. உனக்கு இன்னா?"

"அவரு ஆண்டவனுக்காக மாத்திக்கினாரு. நான் பத்திரிகைக்காக மாத்தணுமா?"

பேச்சு முறிந்தது. "பேரு போனா போவுது, கண்ணாலம் பண்ணிக்கடா" என்று அம்மாவே அழுதார். அண்ணன் அசையவில்லை.

சில வாரம் கழித்துப் பெரியவரே வந்தார். மகள் வேறு வரனுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். "நைனா, நான் பேரயா கட்டிக்கப் போறேன்? ஆளத்தானே?" என்று கேட்டாளாம். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தோணி என்றே பத்திரிகை அச்சாயிற்று.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்தது நாங்கள் செய்த பாக்கியம். கடைசியில் அண்ணன் மூச்சுக்குத் திணறிய மாதங்களிலும் அவர் பக்கத்தைவிட்டு நகரவில்லை. அப்போது மாற்றி மாற்றி ஆஸ்பத்திரிக்கு வந்த ஆலைத் தோழர்களுக்கும், சோறு பொங்கி அனுப்பிய அண்டைவீட்டாருக்கும், ஜெபம் சொல்லிப்போன கோயில்காரர்களுக்கும் எங்கள் நன்றி.

கருமாதிப் பத்திரிகை எழுதும்போது, "சடங்குக்கு வேற பேரு போட்டுக்கலாமே" என்று உறவினர் ஒருவர் இழுத்தார். புருஷன் பெயரைச் சொல்லும் வழக்கம் அண்ணிக்கு இல்லை. இத்தனை வருஷமும் "இன்னாங்க"தான். அன்று மூலையிலிருந்து எழுந்து வந்தார்.

"அந்தோணின்னே போடு" என்றார்.