பேங்க் வாசலில் எண்ணெய்த் தலை

குற்றாலத்தில் வெள்ளைக்காரர் ஒருவரின் பங்களாவைக் காலிசெய்து சாமான்களை ஏலம் விட்டார்கள். ஊரே நாற்காலிக்கும் பீங்கானுக்கும் முட்டிமோத, என் மாமா மட்டும் ஒரு தடித்த இங்கிலீஷ் புத்தகத்தை அணைத்துக்கொண்டு வந்தார். முழுக்க முழுக்க கேலிப்படங்கள். போன நூற்றாண்டில் லண்டன் பத்திரிகைகளில் வந்தவை. செல்லரித்த காகிதத்துக்கா காசைக் கொடுத்தாய் என்று அம்மா தன் தம்பியைத் திட்டினாள். எனக்கு அப்போது எட்டு வயது. அதன்பிறகு சோற்றுக்குக் கூப்பிட்டாலும் என் காதில் விழவில்லை.

கோட்டுப் போட்ட காளை ஒன்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். பலூன் மாதிரி ஊதிப்போன ஒருவர் வானத்தில் மிதப்பார், கீழே ஒருத்தன் ஊசியோடு காத்திருப்பான். ஒரு படத்தில் உயரத் தொப்பிக்காரர்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு கதவை முட்டினார்கள். மாடி ஜன்னலில் ஒருவர் மட்டும் நிதானமாக டீ குடித்தார். கோயில் நடை திறக்கக் காத்திருக்கிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன்.

மாமா எங்கள் ஊரான தென்காசியில் ஒரு சின்ன பேங்கில் கேஷியர். அது கோயில் இல்லை, பேங்க் என்று அவர்தான் சொன்னார். பேங்க் முங்கப்போகிறது என்று எவனோ கிளப்பிவிட, எல்லோரும் ஒரே நாளில் பணத்தைத் திருப்பிக் கேட்கிறார்களாம். அப்படிக் கேட்டால் நல்ல பேங்கும் முங்கிவிடுமாம்.

“டீ குடிக்கிறவரு யாரு மாமா?”

“அவருதான் மொதலாளி. பயமில்லன்னு காட்டுதாரு.”

“நெசமாவே பயமில்லையா?”

மாமா படத்தை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “கப்பு ஆடுதான்னு வரையலயே,” என்றார்.

அடுத்த வருஷம் ஆவணியில், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரிய பேங்க் கதவைச் சாத்திவிட்டது. செங்கோட்டை வழியாக வந்த லாரிக்காரர்கள் செய்தியை எங்கள் ஊரில் இறக்கிவிட்டுப் போனார்கள். விடிந்ததும் மாமாவின் பேங்க் வாசலில் வரிசை. நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். தொப்பிக்குப் பதில் தலைப்பாகை, மற்றபடி அதே படம். பாவூர்சத்திரத்துக் காய்கறி வியாபாரி ஒருவர் பணத்தை அள்ளிப்போகக் கோணிப்பையே கொண்டுவந்திருந்தார்.

வீட்டில் அம்மா அழுதுகொண்டிருந்தாள். தையில் அக்காவுக்குக் கல்யாணம். அதற்கான பணம் முழுவதும் அந்த பேங்கில்தான் இருந்தது. உடனே போய் எடுத்துவரச் சொல்லி அப்பாவை விரட்டிக்கொண்டிருந்தபோது, மாமா கொல்லை வழியாக வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார்.

“அத்தான், நீங்க வரிசைல நின்னிய, அம்புட்டுதான். கேஷியருக்க அத்தானே எடுக்காருன்னு ஊரே உள்ள விழுந்திரும். திருநவேலியிலேருந்து பணம் வருது. சாயங்காலம் வரைக்கும் தாங்கணும்.”

எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அப்பா பேங்குக்கு எதிரே உட்கார்ந்து டீ குடிக்கட்டும் என்று யோசனை சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அப்பா எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

“டீயக் குடிச்சா இங்கன எவன் நம்புவான்?” என்றவர் அம்மா பக்கம் திரும்பினார். “நல்லெண்ணெய எடு. அருவிக்குப் போயிட்டு வாரேன்.”

“பிள்ள கல்யாணத்த வச்சு வெளையாடுதியளா?” என்று அம்மா எண்ணெய்க் கிண்ணத்தை ணங்கென்று வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அப்பா எங்கள் ஜவுளிக்கடையை மூடினார். தலையில் எண்ணெய் வழிய, தோளில் துண்டோடு, என் கையைப் பிடித்துக்கொண்டு பேங்க் வாசல் வழியாகவே நடந்தார். அவ்வளவு மெதுவாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை.

“அண்ணாச்சி, பணம் எடுக்கலியா?” வரிசையில் இருந்து ஒருவர் கேட்டார்.

“அது எங்க போவப்போவுது? தண்ணி நிக்கதுக்குள்ள ஒரு குளிப்பு குளிச்சிருவோம்ல.”

சிலர் சிரித்தார்கள். கோணிப்பைக்காரர் வரிசையிலிருந்து ஒரு எட்டு விலகி யோசித்தார்.

பஸ்ஸில் ஐந்தருவிக்குப் போனோம். சீசன் முடியும் நேரம், ஆளே இல்லை. நான் விறைத்துப்போகும்வரை குளித்தேன். அப்பா பாறையில் உட்கார்ந்திருந்தார். தென்காசி பஸ் வரும்போதெல்லாம் எழுந்துபோய்க் கண்டக்டரிடம் ஏதோ விசாரித்துவிட்டுத் திரும்பினார். எண்ணெய் கழுத்தில் இறங்கிச் சட்டையை நனைத்தது. குளிக்க வாங்கப்பா என்று எத்தனை கூப்பிட்டும் வரவில்லை. புறப்படும்போது ஓரமாக ஓடிய வாய்க்காலில் குனிந்து, தலையை மட்டும் நனைத்துக்கொண்டார்.

“அருவி அங்கன இருக்குல்லா, ஏன் இங்கன நனைக்கிய?”

“அங்கன கூட்டம்,” என்றார், ஆளில்லாத அருவியைப் பார்த்துக்கொண்டே.

நாங்கள் திரும்பியபோது திருநெல்வேலிப் பணம் வந்து சேர்ந்திருந்தது. வரிசை கரைந்திருந்தது. பேங்க் பிழைத்தது, தையில் அக்கா கல்யாணமும் நடந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா அப்பாவின் தலையைப் பார்த்தாள். காதோரம் தொட்டுப் பார்த்தாள், விரலில் எண்ணெய். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் அடுப்பில் வெந்நீர் வைத்துவிட்டு, சீயக்காயைக் குழைக்க ஆரம்பித்தாள். காலையில் அவ்வளவு கோபமாக இருந்தவள் அவர் தலையைத் தானே ஏன் தேய்த்துவிட்டாள், அதற்கு அவர் ஏன் சின்னப்பிள்ளை மாதிரி குனிந்து உட்கார்ந்திருந்தார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை.