மழைக்கு ஆமென் சொல்லாத சபை

விடுமுறை வேதபாடசாலையின் மூன்றாம் நாள் காலையில், ஆலய வளாகத்துக் கிணற்றில் விட்ட வாளி வெறும் சேற்றோடு மேலே வந்தது. எங்களுக்கிருந்த தண்ணீர் அது ஒன்றுதான்.

ஐம்பதுகளின் நடுப்பகுதியில் ஒரு மே மாதம் அது. எம். புதுப்பட்டிக்கு அப்பால் ஒரு சிற்றூர். விருதுநகரில் எங்கள் சபையின் வாலிபர் சங்கத்திலிருந்து பதினான்கு தொண்டர்களை அழைத்துக்கொண்டு சென்றிருந்தேன். காலையில் வேதமும் பாட்டும், மாலையில் எழுத்தும் கணக்கும் என்று பத்து நாள் ஏற்பாடு. அறுபது பிள்ளைகள் வந்தார்கள். சிலேட்டை முதன்முதலாகக் கையில் பிடித்தவர்களே அவர்களில் அதிகம்.

நான் சென்னையில் பி.ஏ. படித்தவள், இரண்டு குழந்தைகளின் தாய். பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் வருவதை விளங்கிக்கொள்ள அது தேவைப்படும். என் மாமனார் அந்நாளில் சபையின் செயலாளர். வாலிபர்களுக்கு ஒரு பெண் தலைமையேற்று வெளியூர் செல்வது எங்கள் சபையில் அதுவே முதல் முறை. “ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா ஒன்னயச் சொல்ல மாட்டாகம்மா, என்னயத்தான் சொல்லுவாக” என்று எச்சரித்தே அவர் வழியனுப்பினார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள என் கணவர் இசைந்தார். அவருக்குச் சோறு வடிக்கத் தெரியாது என்பதை நாங்கள் இருவருமே அப்போது குறிப்பிடவில்லை.

ஊரார் குடித்த ஊற்றுக்கிணறு அரை மைலுக்கு அப்பால் இருந்தது. ஒரு குடம் நிறைய அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். அது அவர்களுக்கே போதாது. பஸ்ஸில் போனவர்கள் மூலம் செய்தி அன்றே மாமனாருக்கு எட்டிவிட்டது. மறுநாள் தாமே வந்து எங்களை அழைத்துப் போவதாகச் சொல்லியனுப்பினார். அறுபது பிள்ளைகளின் படிப்பு அத்துடன் முடிந்துவிடும். இனி எந்தப் பெண்ணையும் சபை நம்பி அனுப்பாது. கதவுக்குப் பின்னால் நின்று அழுதேன். தலைவி அழுவதைத் தொண்டர்கள் பார்க்கலாகாது.

அன்று மாலை ஊர்ச் சபையார் அனைவரையும் ஆலயத்தில் கூட்டினேன். மழைக்காக ஜெபம். முழங்காலில் நின்று, வாக்கியங்கள் பிசகாமல், கால்மணி நேரம் மன்றாடி முடித்தேன்.

ஆமென் வரவில்லை.

அந்த ஊர் ஆமென் சாதாரணமானதன்று. கூரை ஓட்டில் உட்கார்ந்திருக்கும் புறாக்கள் அதிர்ந்து பறந்துவிடும். அன்று ஒரு புறாகூட அசையவில்லை. சரியாகக் கேட்கவில்லை போலும் என்றெண்ணி, கடைசி வாக்கியத்தைச் சற்று உரக்கச் சொன்னேன். யாரோ இருமினார்கள்.

கண்ணைத் திறந்தேன். “உங்களுக்கு விசுவாசம் இல்லையா?” என்று கடிந்துகொண்டேன்.

பெண்கள் பக்கத்தில் முதலில் இருந்தவர் பாக்கியத்தாய். வாரந்தோறும் ஆலயத்தைப் பெருக்கி விளக்கேற்றும் கைம்பெண். அவர்தான் எழுந்தார்.

“விசுவாசம் இருக்கப்போயித்தான்மா வாயத் தொறக்கல. நீங்க கேட்டு, அவரு பாட்டுக்குக் குடுத்துட்டார்னா?”

“கொடுத்தால் என்ன?”

“எங்க பெட்டி அம்புட்டும் வெளிய கெடக்கே!”

ஆண்கள் பக்கத்திலிருந்து ஞானமுத்து என்பவர் சேர்ந்துகொண்டார். “நாங்க முந்தாநாளே வெயிலுக்கு ஜெபம் பண்ணியாச்சும்மா. இன்னைக்கி மாத்திக் கேட்டா, இந்த ஊர்க்காரப் பயலுகளுக்குப் புத்தி பேதலிச்சிருச்சான்னு அவரு நெனைக்க மாட்டாரா?”

சபை சிரித்தது. என் தொண்டர்களில் ஒருவனும் சிரித்தான். நான் திரும்பிப் பார்த்தேன், நிறுத்திக்கொண்டான்.

அவ்வூரில் வீட்டுக்கு வீடு வெற்றுத் தீப்பெட்டி ஒட்டிச் சாத்தூர்க் கம்பெனிக்கு அனுப்புவார்கள். ஈரம் பட்டால் பசை விட்டுவிடும். கம்பெனி எடுக்காது. ஒரு வாரக் கஞ்சி போய்விடும். அந்த வார லோடு ஏறுவதற்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

“மழைக்காலத்தில் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டேன்.

“இங்கன கோயிலுக்குள்ளதாம்மா அடுக்கி வைப்போம். ஊருலயே ஓட்டுக் கூரை இது ஒண்ணுதான். மத்ததெல்லாம் ஓலை, ஒழுகும். இப்பத்தான்...” பாக்கியத்தாய் நிறுத்திவிட்டார்.

“இப்போதுதான்?”

“கோவிச்சுக்கிறாதீக. வந்த அன்னைக்கே நீங்க வெளிய எடுக்கச் சொல்லிட்டீகள்ல.”

உண்மை. முதல் நாளே நாற்பது மூட்டைகளை வெளியேற்றியிருந்தேன். ஆண்டவருடைய வீடு தீப்பெட்டிக் கிடங்கல்ல என்று ஒரு சிற்றுரையும் ஆற்றியிருந்தேன். அந்த ஊர் முழுவதும் வெயிலுக்காக மன்றாடியதற்குக் காரணம் நானே. என் மழைக்குக் குறுக்கே நின்றவளும் நானே.

கல்லூரியில் எத்தனையோ மேடைகளில் பேசியவள் நான். ஆயினும் அன்று என் தொண்டர்கள் பதினான்கு பேரும் பார்த்திருக்க, “நான் செய்தது தவறு, மூட்டைகளை உள்ளே கொண்டுவாருங்கள்” என்று சொல்ல எனக்கு நெடுநேரம் பிடித்தது.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் உள்ளே வந்துவிட்டன. சுவரோரம், பெஞ்சுகளின் மேல், பிரசங்க பீடத்தைச் சுற்றி எங்கும் மூட்டைகள். இடமில்லாமல் நின்றபடியே மீண்டும் ஜெபித்தேன். “ஆண்டவரே, எங்களுக்குத் தண்ணீர் வேண்டும். இவர்களுடைய பிழைப்பும் நனையக் கூடாது.” வேறு வாக்கியம் எதுவும் வரவில்லை. ஆமென் என்ற முழக்கத்தில் புறாக்கள் ஒன்றுவிடாமல் பறந்தன.

மறுநாள் வகுப்புகளைப் பூவரச மரத்தடியில் நடத்தினோம். நண்பகலில் மாமனார் கோட்டும் தலைப்பாகையுமாக மாட்டு வண்டியில் வந்திறங்கினார். நேரே ஆலயத்துக்குள் நுழைந்தார். நுழைந்த வேகத்தில் வெளியே வந்தார்.

“என்னம்மா இது? கோயிலா, கம்பெனியா?”

“கோயில்தான், மாமா. மழை வரப்போகிறது, அதனால்தான்.”

அவர் வானத்தைப் பார்த்தார். ஒரு பொட்டு மேகம் இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். “வெயில்ல நின்னு நின்னு ஒனக்கு என்னமோ ஆயிருச்சு. சாமானக் கட்டு. அஞ்சு மணி பஸ்ஸப் பிடிக்கணும்.”

நான் அவரை அதுவரை எதிர்த்துப் பேசியதில்லை, அன்றும் பேசவில்லை. பாய்களைச் சுருட்டச் சொன்னேன். பிள்ளைகள் சிலேட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருத்தி தரமாட்டேன் என்று அழுதாள்.

மூன்று மணி இருக்கும். மேற்கே கறுத்தது. காற்று புழுதியை வாரி இறைத்தது. அடுத்த நிமிடம் கல்லெறிவதுபோல் கோடை மழை விழுந்தது. ஊரும் பிள்ளைகளும் நாங்களும் செயலாளரும் ஆலயத்துக்குள் ஓடினோம். மூட்டைகளுக்கு நடுவே ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு நின்றோம்.

கூரையில் ஓரிடத்தில் ஒழுகியது. அதை முதலில் கண்டவர் மாமனார்தாம். “ஏலே, அந்த மூட்ட நனையுது! தள்ளுங்கலே!” என்று கத்தினார். யாரும் வருவதற்குள் தம் கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்தினார். பிறகு அடுத்த ஒழுக்கைத் தேடலானார்.

“அய்யா, நீங்க எந்தக் கம்பெனி?” என்று ஞானமுத்து கேட்டார். மாமனார் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இரண்டு மணி நேரம் பெய்தது. ஊருணியில் இடுப்பளவு தண்ணீர். எங்கள் கிணற்றில் இரண்டு நாளில் நல்ல ஊற்று. சேறு காய்ந்ததும் ஒரு மூட்டையும் பழுதாகாமல் லோடு ஏறிற்று. கரிசல் சேற்றில் வண்டி நகராததால் மாமனாரும் இரண்டு நாள் தங்கிப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார். பத்து நாளும் பாடசாலை நடந்தது. அடுத்த ஆண்டும் என்னையே அனுப்பவேண்டும் என்று சபைக் கூட்டத்தில் முன்மொழிந்தவர் அவர்தாம்.

அன்றுமுதல், யாருக்காக ஜெபிப்பதானாலும், முதலில் அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன வேண்டும் என்று கேட்டுவிட்டே முழங்காலிடுகிறேன். அறுபதுகளில் நான் நடத்திய எல்லா முகாம்களிலும் இதுவே என் ஒழுங்கு. நம் தேவனுக்கு என் நன்றி என்றும் உரியது.

பிரியமான சகோதரிகளே, உங்கள் தேவையும் அயலாருடைய தேவையும் எதிரெதிராக நிற்பதாகத் தோன்றினால் ஜெபிக்க அஞ்சாதீர்கள். இரண்டையும் அவர் முன்னால் வையுங்கள், அவரால் முடியும். வைத்துவிட்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்திருங்கள். தூக்குவதற்கு ஏதாவது இருக்கும்.