பூச்சரம் மறுபடி சேர்ந்த கதை

யோபு தீப்பெட்டி லேபிளுக்குப் படம் வரைகிறவன். சிவகாசியில் ஒரு லித்தோ அச்சகத்தில் வேலை. புலியோ கப்பலோ, எதைச் சொன்னாலும் பெட்டி அளவுக்குள் அடக்கிவிடுவான். சாயங்காலமானால் பாங்கோஸ் மேளம் கொட்டுவான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில் கூட்டாளிகள் ஐந்து பேர் சேர்ந்து தொடங்கிய 'பூச்சரம்' மெல்லிசைக் குழு அவனுக்கு உயிர். குழுவுக்கு உயிர் சங்கரலிங்கத்தின் குரல். கோயில் கொடை, கல்யாணம், கிறிஸ்துமஸ் என்று மூச்சுவிட நேரமில்லாத காலம் அது.

அறுபத்துநான்கில் யோபுவுக்கு ஓர் ஆசை வந்தது. ஆசை வந்தால் சும்மா இருக்கிற ஆளா அவன்? ஒரு தீப்பெட்டி முதலாளியைக் கெஞ்சிக் கூத்தாடி, குழுவின் படத்தையே லேபிளாகப் போட்டான். தாளை வெட்டும்போது ஓரம் கொஞ்சம் போகும். அதற்கு இடம் விட்டுத்தான் வரைய வேண்டும். பத்து வருடமாக அதே வேலை பார்த்தவன், சந்தோஷத்தில் அதைக் கோட்டை விட்டான். கடைக்கு வந்த பெட்டியில் நாலு பேர் சிரித்தார்கள். ஓரத்தில் நின்ற சங்கரலிங்கத்துக்குத் தோள் மட்டும் இருந்தது. ஊரே பீடி பற்றவைத்துக்கொண்டு சிரித்தது.

"யாரு பாத்த வேலைலே இது?" என்று கேட்டான் சங்கரலிங்கம்.

"கட்டிங் மிஷின் சுடலை அவசரப்பட்டுட்டான்" என்று யோபு வாய் கூசாமல் சொன்னான்.

மறுநாளிலிருந்து சங்கரலிங்கம் வரவில்லை. ஆனைக்குட்டத்தில் மாமனார் தோட்டத்தைப் பார்க்கப் போய்விட்டான். பாடுகிற ஆளில்லாமல் குழு ஆறே மாதத்தில் கலைந்தது. யோபுவுக்குக் கூட்டாளியும் போனான், கொட்டும் போனது.

அறுபத்தெட்டில், அக்கார்டியன் வாசித்த நேசகுமார் தன் தங்கை கல்யாணத்துக்குப் பழைய ஐந்து பேரும் வேண்டுமென்று ஒற்றைக்காலில் நின்றான். "சங்கரலிங்கத்த நீ போயிக் கூப்பிடுலே. நாங்க கூப்பிட்டா வர மாட்டான்."

யோபு சைக்கிளை மிதித்தான். தோட்டத்தில் சங்கரலிங்கம் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான்.

"தப்பு என்னுதுலே. நான்தான் ஓரத்துல எடம் விடல. பழியச் சுடலை மேல போட்டுட்டேன்."

"தெரியும். அன்னைக்கே சுடலை வெட்டாத தாளக் காட்டிட்டான். என் மூஞ்சி போனா போவுது. பாவம், அவன் மேல பழியப் போட்டே பாரு, அதான் பொறுக்கல. அவங்கிட்டச் சொன்னியா?"

"மொதல்ல அங்கன போயிட்டுத்தான் வாரேன்."

சங்கரலிங்கம் அவனை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு மண்வெட்டியைக் கழுவிவைத்துவிட்டு, மனைவி சுப்புலட்சுமிக்குச் சத்தம் கொடுத்தான்: "ரெண்டு பேருக்குச் சோறு போடு." நாலு வருடமாக யோபுவின் நெஞ்சை அடைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் இறங்கியது. வெட்கமில்லாமல் அழுதான்.

கல்யாணத்தன்று இரண்டாம் பாட்டிலேயே சங்கரலிங்கத்துக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. மீதியை யோபு பாடினான், சுருதியே இல்லாமல். முன்வரிசையில் இருந்த சுடலை எழுந்து, நிறுத்தச் சொல்லிக் கையெடுத்துக் கும்பிட்டான்.