ஷார்ட்ஸ்டாப்பின் பிழைகள்

இறந்துபோன ஒரு மனிதரை, அவருடைய பேத்தியின் முன்னாலேயே, காசுக்கு ஆட்டத்தை விற்றவர் என்று சொன்னவன் நான்.

அந்தப் பேத்தி, பிளாக்ஹவுஸ் பே என்ற எங்கள் புறநகரில் என் பக்கத்து வீட்டுக்காரர். அமெரிக்காவிலிருந்து வந்தவர், என் வயதுதான். அவருடைய தாத்தா நூறு ஆண்டுகளுக்கு முன் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடியவர். இரண்டாம், மூன்றாம் தளங்களுக்கு நடுவே நின்று பந்தைத் தடுக்கும் ஷார்ட்ஸ்டாப். எங்கள் தமிழ் முதியோர் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பேத்தி ஆசையாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அவருக்காக ஆங்கிலத்தில் பேசினேன்.

நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். அங்கே கேட்சை விட்டால் திட்டுவார்கள், மறந்துவிடுவார்கள். பேஸ்பாலில் ஒவ்வொரு பிழையும் ஆட்டக்காரர் பெயரில் பதிவாகும். இணையத்தில் அவருடைய பிழைகளின் எண்ணிக்கையைப் பார்த்து மலைத்தேன். காசு வாங்கித் தோற்கிறார் என்ற சந்தேகத்தின் பேரில் அணி முதலாளி அவரை விலக்கியதாகவும் இருந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டேன்.

"இத்தனை பந்தை ஒருத்தர் சும்மாவா விட்டிருப்பார்?" என்றேன். கூட்டம் சிரித்தது. பேத்தி எழுந்து போய்விட்டார்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். வாசலிலேயே நிறுத்தினார். உள்ளேயிருந்து தாத்தாவின் கையுறையைக் கொண்டுவந்து காட்டினார். தோட்டவேலைக்குப் போடுவது போல அவ்வளவு சிறியது. அந்தக் காலத்து மைதானமெல்லாம் கல் என்றார். எட்டாத பந்துக்கும் ஓடியவர் கையில்தான் அதிகம் தவறும். நின்ற இடத்திலேயே நின்றவருக்குப் பிழையே வராது. தாத்தா சம்பளம் கூட்டிக் கேட்டார் என்பதற்காக, வேறு எந்த அணியும் சேர்க்காதபடி முதலாளி அந்தச் சந்தேகத்தைப் பரப்பினான்.

"தெரியலைன்னா என்னைக் கேட்டிருக்கலாமே. நடுவுல ஒரு வேலிதானே?" என்றார்.

அந்த முதலாளி மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் ஆறவில்லை. மனிதனின் பிழைப்பைக் கெடுத்தான், பெயரையும் கெடுத்தான். அவன் செத்த பிறகும் அவன் பொய்யைக் கூலி வாங்காமல் சுமந்தவன் நான். படித்தவனாம்.

அடுத்த கூட்டத்தில் மறுபடி எழுந்தேன். பேத்தியை அழைத்திருந்தேன், வரவில்லை. தலைவர் யாழ்ப்பாணத்துக்காரர். "முடிஞ்ச கதையை ஏன் ஐயா திரும்பக் கதைக்கிறீங்கள்? சாப்பாடு ஆறுது," என்றார்.

"ஆறட்டும்," என்று எல்லாவற்றையும் சொன்னேன். பாதிப் பேர் தட்டோடு நின்றார்கள்.

மறுநாள் வேலியோரம், கூட்டத்தில் திருத்திப் பேசியதைப் பேத்தியிடம் சொன்னேன்.

"என்ன செஞ்சாங்க?"

"பேசாம கேட்டாங்க."

"அன்னைக்குச் சிரிச்சாங்க," என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போனார்.